மூன்றில் உழைப்பது ஒன்று

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் யாரும் நின்று படிக்காத பக்கம் ஒன்று உண்டு. 3 + 5 = 5 + 3 என்று எழுதி, இது பரிமாற்றுப் பண்பு என்பார்கள். (2 + 3) + 4 = 2 + (3 + 4), இது சேர்ப்புப் பண்பு. 2 × (3 + 4) = (2 × 3) + (2 × 4), இது பங்கீட்டுப் பண்பு. மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு அச்சடித்திருப்பார்கள். தேர்வில் ‘பயன்பட்டுள்ள பண்பு எது?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி வரும். எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

ஒரே கட்டத்துக்குள் இருப்பதால் மூன்றும் ஒரே தரம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் இரண்டும் நமக்குக் கிடைத்த சலுகைகள்: எந்த வரிசையில் வேண்டுமானாலும் செய்துகொள், அடைப்புக்குறியை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள். கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் முடிச்சுப் போடுவது மூன்றாவதுதான். அந்த முடிச்சு அவிழ்ந்தால் இரண்டும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும்.

இந்தப் பண்புகளைப் பெயர் சொல்லிப் பிள்ளைகள் தலையில் ஏற்றிய காலமும் ஒன்று இருந்தது. 1960களில் அமெரிக்கப் பள்ளிகளில் ‘புதிய கணிதம்’ என்ற பெயரில் ஒரு பாடத்திட்டம் நடந்தது. அதைக் கிழித்துத் தொங்கவிட்டு மாரிஸ் கிளைன் என்ற கணிதப் பேராசிரியர் 1973இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. 2 + 3 ஏன் 3 + 2க்குச் சமம் என்று ஆசிரியை கேட்கிறார். இரண்டுமே 5 என்பதால் என்று பிள்ளைகள் பளிச்சென்று சொல்கிறார்கள். தவறு, கூட்டலுக்குப் பரிமாற்றுப் பண்பு இருப்பதால் என்று ஆசிரியை திருத்துகிறார். படித்தவுடன் சிரிப்பு வரும், பிள்ளைகள் பக்கம்தான் நிற்கத் தோன்றும். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் ஆசிரியையின் கேள்வியில் சரக்கு இல்லாமல் இல்லை. 2க்கும் 3க்கும் சரிபார்த்தாயிற்று. எல்லா எண்களுக்கும் அப்படியே இருக்கும் என்று எப்படித் தெரியும்?

பெருக்கலை எடுத்துக்கொண்டால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 5 பைகளில் மும்மூன்று எலுமிச்சை. 3 பைகளில் ஐந்தைந்து எலுமிச்சை. இரண்டும் வேறு வேறு காட்சிகள். இரண்டிலும் 15 பழம் இருந்தே தீர வேண்டும் என்று எந்தப் பையும் சொல்லவில்லை. பழங்களை வெளியே எடுத்து, வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை அடுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் அதுவே வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசை. எந்த எண்களை வைத்தும் இதையே செய்யலாம் என்பதால் இது வெறும் எடுத்துக்காட்டு இல்லை, நிரூபணமேதான். இதனால் நமக்கு நேரடி லாபமும் உண்டு. பத்து வரையிலான வாய்ப்பாட்டில் மொத்தம் 100 பெருக்கல்கள். திருப்பிப் போட்டவற்றைக் கழித்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது 55தான். சதவீதக் கணக்கிலும் இது கைகொடுக்கும். 50 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு என்று விழிக்க வேண்டாம்; 18இல் 50 சதவீதம், அதாவது பாதி, 9 ரூபாய்.

எலுமிச்சை அடுக்குவது கணிதர்களுக்குப் போதவில்லை. ஸ்டெட்டின் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹெர்மன் கிராஸ்மன், 1861இல் எழுதிய எண்கணிதப் பாடநூலில், ‘அடுத்த எண்’ என்ற ஒரே கருத்திலிருந்து தொடங்கி இந்தப் பண்புகளை ஒவ்வொன்றாக நிரூபித்துக் காட்டினார். 1889இல் இத்தாலியர் பியானோ அதே வழியை இன்னும் இறுக்கமான அடிகோள்களாக எழுதினார். அந்த நிரூபணங்களின் வரிசையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கூட்டலின் பரிமாற்றுப் பண்பை நேரே நிரூபிக்க வராது. வழக்கமாகச் சேர்ப்புப் பண்பை முதலில் நிரூபித்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். பெருக்கலின் பரிமாற்றுப் பண்பை நிரூபிக்கப் போனால் அங்கே தேவைப்படுவது பங்கீடு. குழந்தைக்கு முதலில் சொல்லித்தரும் பண்பு, அடித்தளத்திலிருந்து கட்டும்போது கடைசியில் வந்து நிற்கிறது.

முடிவுள்ள எண்களோடு நின்றால்தான் இந்த நிரூபணங்கள் செல்லும். கியார்க் கேன்டர் 1880களில் முடிவில்லாத வரிசைகளுக்கும் எண் கொடுத்துக் கூட்டத் தொடங்கினார். ரேஷன் கடையில் முடிவே இல்லாத ஒரு வரிசை நிற்கிறது என்று வையுங்கள். ஒருவர் வந்து முன்னால் புகுந்துகொண்டால், சண்டை வருமே தவிர, வரிசையின் அமைப்பு மாறாது. முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று அது பழையபடியே முடிவில்லாமல் போகும். அவரே நியாயஸ்தராக, எல்லோருக்கும் பின்னால் நிற்கிறேன் என்றால், இப்போது வரிசைக்குக் கடைசி ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். முன்பு கடைசி ஆளே கிடையாது. ஆக, ஒன்றோடு முடிவிலி வரிசையைக் கூட்டுவதும், முடிவிலி வரிசையோடு ஒன்றைக் கூட்டுவதும் வேறு வேறு. கூட்டலே பரிமாற்றம் இழக்கும் இடம் இது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர்கள் இந்தப் பண்புகளைக் கேள்வி கேட்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். பரிமாற்றுப் பண்பு, பங்கீட்டுப் பண்பு இரண்டுக்கும் இன்று உலகம் வழங்கும் பெயர்களை வைத்தவர் பிரான்சுவா ஜோசப் செர்வுவா என்ற பிரெஞ்சுக்காரர், 1814இல். பாதிரியாராகத் தொடங்கிப் பீரங்கிப் படை அதிகாரியானவர். அவர் எண்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கவில்லை. சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செயல்படுத்தும் நுண்கணித வேலையில் இருந்தார். இரட்டிப்பாக்கிவிட்டு ஒன்று கூட்டுவதும், ஒன்று கூட்டிவிட்டு இரட்டிப்பாக்குவதும் வேறு விடை தரும் உலகம் அது. வரிசை மாறினால் விடை மாறலாம் என்ற நிலை வந்த பிறகுதான், மாறாதவற்றைத் தனியே சுட்ட ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

சேர்ப்புப் பண்பின் பெயர் வில்லியம் ரோவன் ஹாமில்டனிடமிருந்து வந்தது. அவர் கதை புகழ்பெற்றது. தளத்தில் உள்ள புள்ளிகளைக் கலப்பெண்கள் கொண்டு பெருக்கலாம். முப்பரிமாணப் புள்ளிகளையும் அப்படிப் பெருக்க முடியுமா என்று அவர் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளினில் ராயல் கால்வாய்க் கரையில் மனைவியுடன் நடந்து போகும்போது விடை பொறிதட்டியது. மூன்று எண்கள் போதாது, நான்கு வேண்டும். ஐ, ஜே, கே என்று மூன்று புதிய அலகுகள். ஐயை ஜேயால் பெருக்கினால் கே. ஜேயை ஐயால் பெருக்கினால் கழித்தல் கே. உற்சாகத்தில் இந்த அலகுகளின் சமன்பாட்டை வழியில் இருந்த ஒரு பாலத்துக் கல்லில் கத்தியால் கீறிவிட்டார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அவரை யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

வரிசை மாறினால் விடை மாறும் எண்ணா, அது எதற்கு உதவும் என்று கேட்பவர்கள், கைக்கெட்டிய ஒரு புத்தகத்தை எடுங்கள். அட்டை மேலே தெரிய, நேராகப் படிக்கும்படி மேசையில் வையுங்கள். முதலில் அதை மேசைமேல் படுத்தபடியே கடிகார முள் திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். அட்டை உங்களைப் பார்க்கிறது, ஆனால் புத்தகத்தின் முதுகு மேலே இருக்கிறது, தலைப்பு படுத்திருக்கிறது. இப்போது பழைய நிலையிலிருந்து, முதலில் நிமிர்த்திவிட்டு, பிறகு நின்றபடியே கடிகாரத் திசையில் கால் சுற்றுத் திருப்புங்கள். தலைப்பு நிமிர்ந்து நிற்கிறது, அட்டை இடப்பக்கம் பார்க்கிறது. அதே இரண்டு சுழற்சிகள், வேறு வேறு முடிவுகள். உலகத்தில் சுழற்சிகள் பரிமாற்றத்துக்குக் கட்டுப்படுவதில்லை. அவற்றைக் கணக்கிடும் எண்கள் மட்டும் எப்படிக் கட்டுப்படும்? விண்கலங்களின் திசையமைப்பையும், கணினி விளையாட்டுகளில் உருவங்கள் திரும்புவதையும் இன்று ஹாமில்டனின் எண்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஹாமில்டன் பரிமாற்றத்தைக் கைவிட்டதைப் பார்த்த அவருடைய நண்பர் ஜான் கிரேவ்ஸ் இன்னொரு படி போனார். அதே ஆண்டு டிசம்பரில் எட்டு அலகுகள் கொண்ட எண்களை உருவாக்கினார். அவற்றில் சேர்ப்புப் பண்பும் போய்விட்டது. அடைப்புக்குறியை நகர்த்தினால் விடை மாறும். பூஜ்ஜியம் தவிர்த்த எந்த எண்ணாலும் வகுக்கலாம், பெருக்கி வரும் எண்ணின் நீளம் அந்த இரண்டு எண்களின் நீளங்களைப் பெருக்கியதாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பார்த்தால், 1, 2, 4, 8 பரிமாணங்களைத் தவிர வேறெதிலும் இப்படி எண்கள் கிடையாது என்று அடால்ஃப் ஹுர்விட்ஸ் 1898இல் நிரூபித்தார். ஹாமில்டன் பரிமாற்றத்தை விட்டார், கிரேவ்ஸ் சேர்ப்பையும் விட்டார். பங்கீட்டை விட இருவருமே துணியவில்லை.

சேர்ப்புப் பண்பு பொய்க்கும் இடத்தைக் காண எட்டுப் பரிமாணத்துக்குப் போக வேண்டியதில்லை, உங்கள் கணினியே போதும். 1985இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 என்ற தரமுறைப்படிதான் ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் தசம எண்களைக் கையாள்கின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் பொதுவாக 64 பிட் இடம், அதில் தங்குவது தோராயமாக 16 இலக்கங்கள். மிச்சம் முழுமையாக்கலில் போய்விடும். 9007199254740992 என்ற எண்ணை, அதாவது 2இன் 53ஆம் அடுக்கை, இந்த முறையில் வைத்துக்கொண்டு 1 கூட்டுங்கள். விடை அதே எண். அந்த 1ஐ வைக்க இடமில்லை. மறுபடி 1 கூட்டினாலும் அதே எண். ஆனால் இரண்டு ஒன்றுகளையும் முதலில் தங்களுக்குள் கூட்டி, 2ஆகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் எண் சரியாக 2 ஏறும். பெரிய எண்கள்தான் என்று இல்லை. 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டை முன்னே கூட்டினால் 0.6000000000000001 வரும், கடைசி இரண்டை முன்னே கூட்டினால் 0.6 வரும்.

இரண்டு எண்களை மட்டும் இடம் மாற்றிக் கூட்டினால் கணினி ஒரே விடையைத்தான் தரும். பரிமாற்றம் பத்திரமாக இருக்கிறது, சேர்ப்பு மட்டும் போய்விட்டது. இதை வைத்துத் தலைவலிப்படுபவர்கள் நிறைய. கோடிக்கணக்கான எண்களைப் பல செயலிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கூட்டும்போது, எந்தச் செயலி முதலில் முடிக்கிறது என்பதைப் பொறுத்து அடைப்புக்குறிகள் இடம் மாறும். ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால் கடைசி இலக்கங்கள் ஒத்துப்போகாமல் போகலாம். சிறிய எண்களை முதலில் கூட்டிக்கொள் என்பது நிரலாளர்களின் பழைய அறிவுரை. தொலைந்த மிச்சத்தைத் தனியே குறித்துவைத்து அடுத்த கூட்டலில் ஈடுசெய்யும் முறையை வில்லியம் காஹன் 1965இல் வெளியிட்டார். பின்னாளில் 754 தரமுறை உருவாக முன்னின்றவரும் அவரே. 1989இல் டியூரிங் விருது பெற்றார்.

இனி பங்கீட்டுக்கு வருவோம். 1000 ரூபாய்ப் பொருளுக்கு 10 சதவீதத் தள்ளுபடி, 18 சதவீத வரி. எதை முதலில் போட்டாலும் பில் 1062 ரூபாய்தான். இரண்டுமே பெருக்கல், வரிசை பாதிக்காது. ஆனால் 10 சதவீதத் தள்ளுபடியோடு 100 ரூபாய்க் கூப்பனும் கையில் இருந்தால்? கூப்பனை முதலில் கழித்தால் 900, அதில் 10 சதவீதம் போக 810. தள்ளுபடியை முதலில் கழித்தால் 900, கூப்பன் போக 800. அந்தப் பத்து ரூபாய் எங்கே போனது என்றால், பங்கீட்டில் போனது. (1000 − 100) × 0.9 என்பது 900 − 90. அடைப்புக்குறிக்குள் மாட்டிய கூப்பனும் 0.9 ஆல் பெருக்கப்பட்டு 90 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. கூட்டலும் பெருக்கலும் சந்திக்கும்போது யார் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பண்புதான்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வழிவழியாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று: கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது? விதி அப்படி, மனப்பாடம் செய் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். விதி பழையதுதான். பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்திலேயே, உடைமை, கடன் என்ற சொற்களில் அதைச் சொல்லிவிட்டார். ஆனால் காரணம் இரண்டு வரியில் அடங்கும். 1ஐயும் −1ஐயும் கூட்டினால் 0. அந்த மொத்தத்தை −1ஆல் பெருக்கினாலும் 0. பங்கீட்டின்படி, (−1) × 1, (−1) × (−1) ஆகிய இரண்டும் சேர்ந்து 0 ஆக வேண்டும். முதலாவது −1. அப்படியானால் இரண்டாவது 1ஆக இருந்தால்தான் கணக்கு நேராகும். இதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை. கழித்தல் பெருக்கல் கழித்தல், கழித்தலே என்று ஒருவர் அடம்பிடித்தால், பங்கீட்டை விட்டுவிட அவர் தயாராக இருக்க வேண்டும்.

பூஜ்ஜியத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம் என்பதும் இப்படித்தான் வருகிறது. பூஜ்ஜியம் பிறந்தது கூட்டலுக்காக: எதனோடு சேர்ந்தாலும் அதை மாற்றாத எண் அது. பெருக்கலில் அது என்ன செய்யும் என்று அந்த வரையறை எதுவும் சொல்வதில்லை. 0 = 0 + 0 என்று எழுதி 7ஆல் பெருக்குங்கள். 7 × 0 என்பது 7 × 0ஐ இரண்டு தடவை கூட்டியதற்குச் சமம். தன் இரு மடங்குக்குத் தானே சமமாக இருக்கும் எண் பூஜ்ஜியம் ஒன்றுதான். கூட்டலின் ஆள் பெருக்கலில் என்ன செய்வார் என்ற செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பங்கீடு. பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்ற தடையும் இதன் வால்தான். 1 ÷ 0க்கு ஒரு விடை இருந்தால், அதைப் பூஜ்ஜியத்தால் பெருக்கும்போது 1 வர வேண்டும். பங்கீடோ 0தான் வரும் என்கிறது. பிரம்மகுப்தர் 0 ÷ 0 என்பது 0 என்றார். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர், பூஜ்ஜியத்தால் வகுபட்ட எண்ணைக் ‘கஹரம்’ என்று அழைத்து, எதைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மாறாத முடிவிலியாக அதைக் கண்டார். கற்பனையாக அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பங்கீட்டோடு ஒத்துப்போகவில்லை.

கடைசியாக நாம் தினமும் செய்யும் பெருக்கல். 23 × 47 என்று எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி போட்டுக் கூட்டுகிறோமே, அது முழுக்கப் பங்கீடு. 20ஐயும் 3ஐயும் தனித்தனியே 40ஆலும் 7ஆலும் பெருக்குகிறோம். இரண்டு இலக்கத்துக்கு நான்கு சிறு பெருக்கல்கள்; ஆயிரம் இலக்கத்துக்குப் பத்து லட்சம். இதைக் குறைக்க முடியாது என்று ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் கோல்மோகோரவ் நம்பினார். குறைக்க வழி இருந்தால் இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் யாராவது கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்பது அவர் வாதம். 1960 இலையுதிர் காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் அதை முன்வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த அனதோலி கராட்சுபா என்ற 23 வயது மாணவர், ஒரு வாரத்துக்குள் அதை உடைத்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். 23 × 47இல் பத்துகளைப் பெருக்கு: 2 × 4 = 8. ஒன்றுகளைப் பெருக்கு: 3 × 7 = 21. பிறகு இலக்கங்களைக் கூட்டிப் பெருக்கு: (2 + 3) × (4 + 7) = 55. பங்கீட்டின்படி இந்த 55க்குள் நான்கு பெருக்கல்களும் அடங்கியிருக்கின்றன. அதிலிருந்து 8ஐயும் 21ஐயும் கழித்தால் மிஞ்சும் 26தான் நடுவில் வர வேண்டியது. 800 + 260 + 21 = 1081. நான்குக்குப் பதில் மூன்றே பெருக்கல்கள். கூடுதலாகச் சில கூட்டல் கழித்தல்கள், அவை மலிவு. இரண்டு இலக்கத்துக்கு இது வீண் வேலையாகத் தோன்றும், தோன்றுவதும் நியாயமே. ஆனால் நீளமான எண்ணை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் மறுபடி பிளந்துகொண்டே போனால் சேமிப்பு பெருகுகிறது. 1024 இலக்க எண்களுக்குப் பழைய முறையில் 10,48,576 சிறு பெருக்கல்கள். பத்து தடவை பிளக்கலாம் என்பதால், கராட்சுபா முறையில் ஏறத்தாழ 3இன் 10ஆம் அடுக்கு, அதாவது 59,049.

கோல்மோகோரவ் கலங்கிப்போனார். அடுத்த கூட்டத்தில் தானே அந்த முறையை விளக்கிவிட்டு, கருத்தரங்கையே முடித்துக்கொண்டார். 1962இல் அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பியதும் அவர்தான். தன் பெயரில் கட்டுரை வந்திருப்பது கராட்சுபாவுக்கு அச்சுப் பிரதி கைக்கு வந்த பிறகே தெரிந்தது. ஆசிரியர்கள் மாணவர்களின் வேலையில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் கதைகளே அதிகம் கேட்டிருக்கிறோம். இது நேர் எதிர். இன்று பைத்தான் மொழியில் மிகப் பெரிய முழு எண்களைப் பெருக்கும்போது உள்ளே ஓடுவது இந்த முறைதான்.

அதன் பிறகு போட்டி சூடுபிடித்தது. 1971இல் ஷோன்ஹாகே, ஸ்ட்ராசென் என்ற இரு ஜெர்மானியர்கள் இன்னும் வேகமான முறை ஒன்றைத் தந்து, எங்கே போய் இது நிற்கும் என்றும் ஊகித்தார்கள்: இலக்கங்களின் எண்ணிக்கையை அதன் மடக்கையால் பெருக்கி வரும் அளவு. 2019இல் டேவிட் ஹார்வி, யோரிஸ் வான் டெர் ஹூவன் இருவரும் அந்த அளவைத் தொட்டுவிட்டார்கள். நடைமுறைக்கு உதவாது. அவர்கள் எழுதியபடி முறை வேலை செய்யத் தொடங்குவதற்கே எண்ணில் இருக்க வேண்டிய பிட்களின் எண்ணிக்கை, 1729இன் 12ஆம் அடுக்கு எவ்வளவோ, 2இன் அத்தனையாவது அடுக்கு. ராமானுஜன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த 1729 கண்ணில் படாமல் போகாது. இதைவிட வேகமாகப் பெருக்க முடியாது என்று பெரும்பாலான கணிதர்கள் நினைக்கிறார்கள். நிரூபணம் இன்னும் இல்லை. 1960இல் கோல்மோகோரவிடமும் இருந்தது நம்பிக்கை மட்டும்தான்.